புது டிரைவருக்கு லீஸ்-பர்சேஸ் கட்டுப்படியாகுமா? ஒரு வழக்கும் ஒரு வாரக் கணக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சிடிஎல் என்ற கனரக வண்டி லைசென்ஸ் வாங்கி ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகாத டிரைவர், தான் லோடு ஓட்டும் கம்பெனியிடமே லீஸ்-பர்சேஸில் டிரக் எடுப்பது கட்டுப்படியாகாது. விதிவிலக்கு உண்டு, அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் அந்த விதிவிலக்குக்குள் புது டிரைவர் பெரும்பாலும் வரமாட்டார். இந்த ஏற்பாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது நீதிமன்ற ஆவணங்களில் அக்குவேறு ஆணிவேறாகப் பதிவாகியிருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அவற்றில் தெளிவான ஒன்றை எடுத்துக்கொள்வோம்: நியூ பிரைம் எதிர் ஒலிவேரா.

வழக்குக்குப் போகுமுன் ஏற்பாடு என்னவென்று சுருக்கமாக. கம்பெனியோ அதன் சகோதர நிறுவனமோ டிரக்கை உங்களுக்கு வாரத் தவணையில் விடும். முன்பணம் வேண்டாம், கிரெடிட் ஸ்கோர் பார்க்கமாட்டோம் என்பார்கள். மூன்று நான்கு வருஷம் கட்டி முடித்து, கடைசியில் பல ஒப்பந்தங்களில் ஒரு பெரிய தொகையையும் கட்டினால் வண்டி உங்களுடையது, அதுவரை டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், அவர்கள் பெயரில்தான் இருக்கும். நீங்கள் சம்பளக்காரர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர். டீசல், டயர், ரிப்பேர், இன்சூரன்ஸ், டோல் எல்லாம் உங்கள் தலையில். லோடு மட்டும் அவர்கள்தான் தருவார்கள். அந்த வண்டியை வேறு கம்பெனிக்கு ஓட்டிக்கொண்டு போக பெரும்பாலும் வழியிருக்காது, அல்லது அவர்கள் எழுத்தில் அனுமதி தர வேண்டும். சிக்கல் எல்லாம் கிளைப்பது இந்த ஒரு ஷரத்திலிருந்துதான்.

ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்தது

மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டைத் தலைமையிடமாகக் கொண்ட நியூ பிரைம், அமெரிக்காவின் பெரிய டிரக் கம்பெனிகளில் ஒன்று. 2013-இல் ஒலிவேரா என்ற டிரைவர் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தார். இனி சொல்வது அவர் தரப்பு வழக்கில் வைத்தது, முதல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பில் பின்னணியாக எழுதப்பட்டிருப்பது. கம்பெனி இவற்றை ஒப்புக்கொண்டது என்று அர்த்தமில்லை.

முதல் 10,000 மைல், கம்பெனி டிரைவர் ஒருவரோடு சேர்ந்து ஓட்டிப் பழக வேண்டும். சம்பளம் இல்லை. வாரத்துக்கு 200 டாலர் கைச்செலவுக்குத் தருவார்கள், அதுவும் கடன். அடுத்த 30,000 மைல் பயிற்சி நிலையிலேயே ஓட்டினார், கிடைத்தது மணிக்கு ஏறக்குறைய 4 டாலர். அது முடிந்து கம்பெனி டிரைவராகச் சேரும் நேரத்தில்தான், தனி ஒப்பந்தக்காரராக வந்தால் இன்னும் நிறைய சம்பாதிக்கலாம் என்று சொன்னார்கள். அதே கட்டடத்தில் மாடியில் இருந்த ஒரு கணக்கு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள், அவர் பெயரில் ஒரு எல்எல்சி கம்பெனி பதிவானது. அடுத்து சக்சஸ் லீசிங் என்ற குத்தகை நிறுவனம், அங்கே ஒரு டிரக். அப்புறம் நியூ பிரைம் நடத்தும் கடையிலேயே டீசலுக்கும் சாமான்களுக்குமாக சுமார் 5,000 டாலர் செலவு, அதற்குக் கம்பெனியே முன்பணம் கொடுத்துப் பிறகு அவர் வரவில் பிடித்துக்கொண்டது.

அதாவது, காலையில் வேலை கேட்டு ஒரு கட்டடத்துக்குள் நுழைகிற ஆள், வெளியே வரும்போது சட்டப்படி ஒரு கம்பெனி முதலாளி. கையில் ஒரு டிரக், தலையில் ஒரு கடன், வாடிக்கையாளர் ஒரே ஒருவர். அந்த ஒருவரேதான் வண்டியையும் விட்டது, டீசலையும் விற்றது, கடனையும் கொடுத்தது, லோடு எது என்று முடிவு செய்வதும் அவரே. பிடித்தங்களுக்குப் பிறகு கையில் வந்தது பல வாரங்களில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே, சில வாரங்களில் பூஜ்யத்துக்கும் கீழே என்று அவர் தரப்பு சொன்னது. கடைசியில் ஒப்பந்தக்காரர் வேலையை விட்டுவிட்டு 2014 அக்டோபர் வாக்கில் அதே கம்பெனியில் சம்பள டிரைவராகச் சேர்ந்தார். செய்த வேலையில் பெரிய வித்தியாசமே இல்லை என்கிறது வழக்கு. அதே ரோடு, அதே லோடு, ரிப்பேர் செலவு மட்டும் இப்போது வேறொருவருடையது.

அவர் போட்ட வழக்கை நீதிமன்றத்துக்கு வரவே விடக் கூடாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபடி மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டும் என்று கம்பெனி வாதாடியது. 1925-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தில் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டுபோகும் தொழிலாளர்களுக்கு விலக்கு உண்டு. அது சம்பள ஊழியருக்குத்தான், ஒப்பந்தக்காரருக்கு இல்லை என்பது கம்பெனியின் வாதம். 2019 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று டிரைவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். தொழிலாளர் பக்கம் சாய்கிறவர் என்று பெயர் வாங்காதவர் அவர், அவரே இப்படி எழுதியது அப்போது பலருக்கு ஆச்சரியம். 2020-இல் கம்பெனி 2.8 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது.

பெரிய தொகை போலத் தெரியும். ஆனால் சுமார் 40,000 டிரைவர்களுக்கு அது. வக்கீல் பங்கைக் கழிக்காமலே வகுத்தாலும் தலைக்கு 700 டாலர். நல்ல டயர் இரண்டு வாங்கலாம். இதைச் சொல்லக் காரணம், 'ஏமாற்றினால் கோர்ட் இருக்கிறது' என்ற தைரியத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதற்காகத்தான்.

ஒரு வார செட்டில்மென்ட் ஷீட் (வரவு, பிடித்தக் கணக்கு)

சரி, வழக்கை விடுவோம். எல்லோரும் யோக்கியமாகவே நடக்கிறார்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவோம். இவை நானாக எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள், உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் 2,500 மைல் ஓடியது, அதில் லோடோடு 2,200, மீதி காலி ஓட்டம். லோடு மைலுக்கு 2.10 டாலர் வீதம் 4,620. உங்கள் பங்கு 70 சதவீதம் என்றால் 3,234. டீசல் செலவுக்கென்று கூடுதலாகத் தரும் சர்சார்ஜ் லோடு மைலுக்கு 40 சென்ட், 880. ஆக வரவு 4,114 டாலர். இந்த எண்ணைத்தான் ஆள் சேர்க்கிறவர் போனில் சொல்வார், 'வாரத்துக்கு நாலாயிரம்' என்று. பொய் இல்லை அது.

இப்போது பிடித்தம். காலனுக்கு 7 மைல் கொடுத்தால் 357 காலன், 3.80 டாலர் விலையில் டீசல் 1,357. டிரக் தவணை 950. தவணை போதாதென்று ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் 8 சென்ட், 200. பராமரிப்பு எஸ்க்ரோ என்று மைலுக்கு 12 சென்ட் தனியே எடுத்து வைப்பார்கள், 300. வண்டி இன்சூரன்ஸ், விபத்துக் காப்பீடு எல்லாம் சேர்த்து 150. ஓட்டும் நேரத்தைப் பதியும் இஎல்டி கருவி, பிளேட், டிரெய்லர் வாடகை என்று 100. டோல், எடைமேடை 60. கூட்டினால் 3,117. கையில் நிற்பது 997 டாலர்.

அதே 2,500 மைலை மைலுக்கு 55 சென்ட் வாங்கும் சம்பள டிரைவர் ஓட்டியிருந்தால் 1,375. இரண்டும் வரிக்கு முந்தையதுதான். ஆனால் சம்பளக்காரருக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரிகளில் பாதியைக் கம்பெனி கட்டுகிறது. ஒப்பந்தக்காரர் முழு 15.3 சதவீதத்தையும் தானே கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானே நினைவு வைத்துக்கொண்டு. ஒப்பந்தக்காரரின் வருஷ வரவைக் காட்டும் 1099 படிவம் கைக்கு வரும்போதுதான் இது பலருக்கு உறைக்கிறது. தினப்படி கழிவு, மற்ற செலவுக் கழிவுகள் என்று வரியில் கொஞ்சம் மிச்சமாகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலையில்லாக் காலத் தொகை கிடையாது, வேலையில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடும் பெரும்பாலும் கிடையாது.

இது நல்ல வாரம். வண்டி இரண்டு நாள் ஷெட்டில் நின்று 1,500 மைல்தான் ஓடியது என்று வையுங்கள், அதில் 1,300 லோடோடு. வரவு 2,431. டீசல் 814, தவணை அதே 950, மைல் கட்டணம் 120, எஸ்க்ரோ 180, இன்சூரன்ஸ் 150, இதர 100, டோல் 40, மொத்தம் 2,354. மிச்சம் 77 டாலர். ஆறு நாள் ரோட்டில் தூங்கி எழுந்ததற்கு 77. சம்பள டிரைவருக்கு அந்த வாரமும் 825 வந்திருக்கும். வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால்? தவணை, இன்சூரன்ஸ், இதர மூன்றும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், 1,200 டாலர் கடனோடுதான் திரும்ப வண்டி ஏறுவீர்கள். அந்தக் கடனை அடுத்த செட்டில்மென்டில் பிடிப்பார்கள், அதை ஈடுகட்ட இன்னும் ஓடுவீர்கள். சட்டம் ஒரு நாளைக்கு 11 மணி நேரம், எட்டு நாளில் 70 மணி நேரம் என்று வரம்பு வைத்திருப்பது தூக்கத்துக்காக. கையில் மைனஸ் காட்டும் ஷீட் இருக்கிறவருக்கு அந்த வரம்பு எதிரியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. பக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டு போகிற நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

மூன்று வருஷக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். வாரம் 950 என்றால் மூன்று வருஷத்துக்கு 1,48,200 டாலர், மைல் கட்டணமும் கடைசிப் பெருந்தொகையும் சேர்ந்தால் இரண்டு லட்சத்தை நெருங்கலாம். முடியும்போது உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து லட்சம் மைல் ஓடி, வாரண்டி முடிந்து, புகைவடிகட்டியும் டர்போவும் செலவு வைக்கத் தொடங்கும் ஒரு வண்டி. அப்படி ஒரு பழைய வண்டியை வெளிச்சந்தையில் வாங்க இதில் பாதிகூட ஆகாது.

ரிஸ்க் ஒரு பக்கம், ஸ்டியரிங் இன்னொரு பக்கம்

இதைக் கேட்டால், 'எந்தத் தொழிலில் நல்ல வாரமும் கெட்ட வாரமும் இல்லை?' என்பார்கள். நியாயம்தான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் கிளீனராகப் போய், டிரைவராகி, பழைய லாரி ஒன்றை ஃபைனான்ஸில் எடுத்து முதலாளி ஆனவர்கள் எத்தனையோ பேர், அவர்களும் கெட்ட மாதங்களைப் பார்த்தவர்கள்தான். ஆனால் அங்கே ஆர்சி புத்தகத்தில் டிரைவர் பெயர் இருக்கும், ஃபைனான்ஸ் கம்பெனியின் ஹைபோதிகேஷன் மட்டும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். கடன் கொடுத்தவர் லோடு கொடுப்பவர் அல்ல. இந்த புக்கிங் ஆபீஸில் வாடகை படியவில்லை என்றால் அடுத்த ஆபீஸுக்குப் போகலாம். தவணை கட்ட முடியவில்லை என்றால் வண்டியை விற்றுக் கடனை அடைத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம்.

லீஸ்-பர்சேஸில் இந்த மூன்றுமே இல்லை. உங்களுக்கு இந்த வாரம் 2,500 மைல் கிடைக்குமா 1,500 கிடைக்குமா என்பதை முடிவு செய்கிற டிஸ்பாட்சர், உங்களிடம் 950 வசூலிக்கிற நிறுவனத்தின் ஆள். சரக்கு குறைந்த வாரத்தில் கம்பெனி தன் சம்பள டிரைவரைச் சும்மா உட்காரவைத்தால் அந்த வண்டியின் செலவு கம்பெனிக்கு. உங்களை உட்காரவைத்தால் செலவு உங்களுக்கு, கம்பெனிக்கோ அப்போதும் தவணை வரவு. யார் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று தேட வேண்டியதே இல்லை, ஏற்பாடே அப்படி அமைந்திருக்கிறது.

இரண்டு வருஷம் கட்டிவிட்டு முடியாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் கட்டியது அத்தனையும் வாடகைக் கணக்கில் போகும், உங்கள் பங்கு என்று எதுவும் மிஞ்சாது. அந்த வண்டியைக் கழுவித் துடைத்து அடுத்த புது டிரைவரிடம் முதலிலிருந்து தவணை ஆரம்பிக்கலாம். இதனால் டிரைவர் தோற்பதில் கம்பெனிக்கு நஷ்டமில்லாமல் போகிறது, பல சமயம் லாபமே.

இது ஒரு கம்பெனி கதையல்ல

ஃபீனிக்ஸில் உள்ள ஸ்விஃப்ட் மீது 2009-இல் தொடங்கிய வழக்கிலும் சங்கதி இதேதான்: சகோதர லீசிங் நிறுவனம், தவணை, ஒப்பந்தக்காரர் என்ற பட்டம். அந்த டிரைவர்கள் நடைமுறையில் ஊழியர்கள்தான் என்று 2017-இல் மாவட்ட நீதிமன்றம் சொன்னது, 2019-இல் 10 கோடி டாலருக்குச் சமரசம், ஏறத்தாழ 20,000 டிரைவர்களுக்கு. பத்து வருஷம் ஆகியிருக்கிறது, அதையும் கவனியுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் கதை வேறு மாதிரி ஆரம்பித்தது. காற்று மாசைக் குறைக்க 2008 முதல் பழைய டிரக்குகளைத் துறைமுகத்துக்குள் விடுவதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். நல்ல திட்டம், காற்றும் உண்மையிலேயே சுத்தமானது. ஆனால் பழைய வண்டியைச் சொந்தமாக வைத்திருந்த கன்டெய்னர் டிரைவர்களுக்கு லட்சம் டாலர் புது வண்டி எட்டாத விலை. கம்பெனிகள் வாங்கி அவர்களுக்கே லீஸ்-பர்சேஸில் விட்டன. சொந்த வண்டி வைத்திருந்தவர் மறுபடி தவணைக்காரர் ஆனார். 2017-இல் யுஎஸ்ஏ டுடே நாளிதழின் புலனாய்வில் வந்த ஒரு டிரைவருக்கு ஒரு வாரம் பிடித்தம் போகக் கையில் கிடைத்தது 67 சென்ட்.

இவ்வளவுக்குப் பிறகு 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் மத்திய போக்குவரத்துத் துறை ஒரு டிரக் லீசிங் பணிக்குழுவை அமைத்தது. 2025 ஜனவரியில் அறிக்கை வந்தது. இந்த ஒப்பந்தங்களில் இதைத் திருத்துங்கள் அதைச் சேருங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். குழுவோ, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இவற்றைத் தடை செய்ய வேண்டும் என்றே பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகிவிடாது. ஆனால் அரசு அமைத்த குழுவே இப்படிச் சொன்ன ஒன்றில், லைசென்ஸ் மை காயாத ஒருவர் நுழையலாமா என்பதற்கு என் பதில் உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

யாருக்குச் சரிப்படும்

ஜெயித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். 2020 கடைசியிலும் 2021 முழுக்கவும் சரக்கு வாடகை உச்சத்தில் இருந்தபோது லீஸ் வண்டி ஓட்டி நன்றாகச் சம்பாதித்தவர்கள் உண்டு. அதே ஆட்கள் 2022-இல் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். டிரை வேன் (சாதாரண மூடிய டிரெய்லர்) லோடுகளின் ஸ்பாட் வாடகை, அதாவது அன்றன்றைய சந்தை வாடகை, மைலுக்கு 3 டாலருக்கு மேல் தொட்டு, அடுத்த வருஷத்துக்குள் 2 டாலரை ஒட்டி இறங்கியது. நடுவில் 2022 ஜூனில் டீசல் தேசிய சராசரி காலனுக்கு 5.81 டாலர். தவணை மட்டும் இறங்கவில்லை.

தாக்குப்பிடித்தவர்களைக் கவனித்தால் ஒரு சாயல் தெரியும். சில வருஷம் சம்பளத்துக்கு ஓட்டியவர்கள், எந்தப் பக்கம் எந்த மாதத்தில் சரக்கு வறண்டுபோகும் என்று தெரிந்தவர்கள், இன்ஜின் சத்தம் மாறினால் காதில் விழுகிறவர்கள், வங்கியில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருந்தவர்கள். இவ்வளவும் இருக்கிறவருக்கு லீஸ்-பர்சேஸ் எதற்கு? பெரும்பாலும் தேவையில்லை. கையில் கொஞ்சம் முன்பணத்தோடு வங்கிக் கடனில் பழைய வண்டி ஒன்றை எடுத்து, பிடித்த கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு ஓட்டலாம், பிடிக்கவில்லை என்றால் அதே வண்டியோடு வேறிடம் போகலாம். வாங்கும் எண்ணமில்லாமல், ஒரு வருஷம் மட்டும் புது வண்டியை வாரண்டிக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிற குத்தகையை அனுபவசாலிகள் சிலர் ஒரு சோதனையாக எடுக்கிறார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன், வாடகை என்று தெரிந்தே கட்டும் வாடகை அது.

புது டிரைவருக்கு என் யோசனை சாதாரணமானதுதான்: இரண்டு வருஷம் சம்பளத்துக்கு ஓட்டுங்கள், ஆனால் முதல் நாளிலிருந்தே ஓனர் மாதிரி கணக்கு எழுதுங்கள். ஒவ்வொரு வாரமும் எத்தனை மைல், எத்தனை காலன், ஷெட்டில் எத்தனை மணி நேரம், எந்த பாகம் மாற்றினார்கள் என்று. இரண்டு வருஷம் கழித்து அந்த நோட்டை வைத்து மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களோடு போட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு

கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இப்போது என்ன செய்ய என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 49 சிஎஃப்ஆர் 376-ஆம் பகுதி என்று ஒரு மத்திய விதித் தொகுப்பு இருக்கிறது, இந்தக் கம்பெனி ஒப்பந்தங்கள் அதற்கு உட்பட்டவை. அதன்படி லோடுத் தொகையில் சதவீதம் வாங்குகிறவருக்கு, செட்டில்மென்டின்போதோ அதற்கு முன்போ அந்த லோடின் கட்டண பில் நகலைக் கம்பெனி தர வேண்டும். கேளுங்கள், உங்கள் 70 சதவீதம் எதில் 70 சதவீதம் என்று அதில்தான் தெரியும். எந்தெந்தத் தொகையைப் பிடிப்பார்கள், எப்படிக் கணக்கிடுவார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், எழுதாததைப் பிடித்தால் எழுத்திலேயே ஆட்சேபம் தெரிவியுங்கள். லீஸ் போடுவதற்கு நிபந்தனையாக எங்களிடம்தான் சாமான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் விதியில் இடமில்லை. எஸ்க்ரோவுக்கு வட்டி உண்டு, ஒப்பந்தம் முடிந்த 45 நாளுக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

வெளியே வருவதென்று முடிவு செய்தால் வண்டியை வழியில் எங்காவது நிறுத்திவிட்டு பஸ் ஏறாதீர்கள். கோபத்தில் பலர் செய்வது அதுதான். வண்டியைக் கைவிட்டார் என்று டிஏசி அறிக்கையில் (கம்பெனிகள் பார்க்கும் டிரைவரின் வேலை வரலாற்றுப் பதிவில்) ஏறிவிட்டால் அடுத்த கம்பெனி போனையே எடுக்காது. லோடை இறக்கி, வண்டியை ஒப்பந்தத்தில் சொன்ன யார்டில் கொண்டுபோய் விட்டு, ஓடோமீட்டரையும் நாலு பக்கத்தையும் டயரையும் கேபின் உள்ளேயும் போட்டோ எடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் டிஏசி அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அது உங்கள் உரிமை. தவறாக எழுதியிருந்தால் ஆட்சேபம் கொடுக்கலாம், அந்த போட்டோக்களும் கையெழுத்தும் அங்கேதான் உதவும்.